கடைசியாக நடந்தவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. என் கையால் அந்தப் பெயரை மூன்று முறை தாளில் எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் அவருக்குக் கெடுதல்தான் வந்தது. நான்காவது முறை வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அவர், இவர் என்று மரியாதையாக எழுதுகிறேனே, அன்றைக்கு நேரில் "ஏப்பா, இங்க வா" என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஆனால் அவர் செடி வெட்டும் தோட்டத்து ஆள், நான் வெள்ளைச் சட்டை போட்ட கம்பவுண்டர். குன்னூரிலிருந்து ஜெகதளா பக்கம் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி என் ராஜ்யமாக இருந்தது. வெள்ளைக்காரத் துரைகளின் காலம். டாக்டர் மாதத்தில் இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் டாக்டரும் நானே, தாதியும் நானே, ரிஜிஸ்டர் எழுதுகிற குமாஸ்தாவும் நானே. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஊரில் பேச்சு. குன்னூர் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த என் அத்தா, வருகிறவர்களிடமெல்லாம் மகன் எழுத்து என்று என் கடிதங்களைக் காட்டிப் பெருமைப்படுவார். எனக்கும் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் தெரிவது ஒரு வரிசையின் கடைசி. பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு அவர் எந்த வரிசையிலும் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள், அங்கே கடைசி. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கடைசி. என் டிஸ்பென்சரி வாசலிலும் கடைசி. அவருக்குப் பின்னால் புதிதாக யாராவது வந்து நின்றால், ஒதுங்கி வழிவிட்டு, "நீ முன்னால போ சாமி" என்று அனுப்பிவிட்டு மறுபடியும் கடைசிக்குப் போய்விடுவார். அப்படியே மதியச் சங்கு ஊதும்வரை நின்ற நாளும் உண்டு. உள்ளே வந்ததும் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

"எனக்குப் பின்னால ஆரும் இல்லீங்களே, பாய்?"

"இல்லப்பா. உனக்குப் பின்னால செவுருதான் நிக்குது."

"அப்பச் செரிங்க" என்பார். அதற்குப் பிறகுதான் பெஞ்சில் உட்காருவார்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் இதைச் சும்மா விடுவார்களா? அவருக்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பதைத் தொடப்போகும் ஆள். காதுக்குப் பின்னால் மயிர் முளைக்காத ஒரு பெரிய தழும்பு. எந்நேரமும் பட்டாளத்துக் காக்கி ஸ்வெட்டர். அவரைப் பார்த்து, "கடைக்குட்டிக்குப் பால் ஊத்தியாச்சாடி?" என்று ஒருத்தி கத்த, மலைச்சரிவு முழுக்கச் சிரிப்பு பரவும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஓர் அடி முன்னே வரமாட்டார்.

ஆபீஸில் ஆள் கணக்கு எழுதும் பெரிய ரைட்டர் கெட்டிக்காரர். இந்தப் பழக்கத்தையே ஒரு வேலையாக்கிவிட்டார். மேல்காட்டில் கொழுந்து பறிப்பவர்கள் சாயங்காலம் இறங்கும்போது அவர்களுக்குப் பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். சொல்வதற்குச் சின்ன வேலை. மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவளின் முதுகுக் கூடை கூடத் தெரியாது. காட்டெருமை பாதையிலேயே நின்றுகொண்டிருக்கும். அதனால் கடைசியாக வர யாருக்கும் மனம் வராது. இவர் வருவார். "முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு" என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வருவார். தலை குறைந்தால் மேலே திரும்பிப் போய்விடுவார்.

ஒருநாள் அப்படித்தான் ஒரு தலை குறைந்தது. கணவன் போய்த் தனியாக இருந்த ஒரு வயதான பெண், கால் பிசகி ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். கத்திக் கூப்பிட்டால் துரைக்குத் தெரிந்து வேலைக்கு ஆகாதவள் என்று பெயர் வெட்டிவிடுவார்களோ என்று பயந்து, சத்தமே போடாமல் இருந்திருக்கிறாள். இவர் தேடிப் பிடித்து, தன் கம்பளியில் அவளைத் தூளிபோல் கட்டி, முதுகில் சுமந்து நேரே என்னிடம் கொண்டுவந்தார். கூடையை அவள் விடவில்லை. அதுவும் அவர் தலையில்.

"என்னை எறக்கி உடுப்பா, மானம் போகுது" என்று அவள் அழ, "எறக்கி உட்டா எனக்குப் போகும்" என்றார் இவர்.

நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் தன் காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். "எதுக்குப்பா இப்பிடி வரிசைக்கு வாலாவே திரியுற?" என்று சும்மா கேட்டுவைத்தேன். சிரித்து மழுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அன்றைக்கு ஏனோ சொன்னார்.

"பர்மாவுல இருந்து ஜப்பான்காரன் தொரத்தி, மலை வழியா நடந்தே திரும்பி வந்தமுங்க. எனக்குக் கோவேறு கழுதைகளுக்குப் பின்னால வர்ற வேலை. ஆராச்சும் ஒக்காந்துட்டா எழுப்பி நடத்தோணும். ஒக்காந்தா அப்பறம் எந்திரிக்க மாட்டாங்க, பாய். அத்தனை காய்ச்சலு, அத்தனை பசி. நித்தம் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒருநா நல்ல மழை. என்ர கால்ல புண்ணு. அன்னிக்கு ஒருநா மட்டும் திரும்பிப் பாக்கலீங்க. எடம் சேந்து எண்ணுனா ஒருத்தன் கொறையறான். மதுரைப் பக்கத்து ஆளு. பொழுது விடிஞ்சு திரும்பிப் போனேன். ஒக்காந்தது ஒக்காந்தாப்பலயே இருந்தானுங்க."

அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் நிற்கவில்லை. அதை அவர் துடைக்கவும் இல்லை.

"இதை ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க. வெக்கமா இருக்கும்" என்றார்.

தன் வெட்கத்தை அவர் என்னிடம் சொன்னார். என்னுடையதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவருக்கு வலிப்பு வருவதை நான் முதலில் பார்த்தது டிஸ்பென்சரி வாசலில். வழக்கம்போல வரிசையின் கடைசியில் நின்றவர் ஒரு சத்தமும் இல்லாமல் சாய்ந்தார். கை கால் இழுத்துக்கொண்டது, வாயில் நுரை. பெண்கள் இரும்புச் சாவியைத் தேடி ஓடினார்கள். நான் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கடியில் துணி கொடுத்து உட்கார்ந்திருந்தேன். தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆரையாச்சும் ஒதச்சுப்போட்டனுங்களா?"

"யாரையும் உதைக்கல. எத்தனை நாளா இது?"

"குண்டு விழுந்ததுல இருந்துங்க." தழும்பைத் தொட்டுக் காட்டினார். திரும்பி நடந்து வந்ததற்கு அடுத்த வருஷம், மறுபடியும் எல்லைக்கு ரோடு போடப் போன இடத்தில் விமானத்திலிருந்து குண்டு போட்டிருக்கிறார்கள். பாறைச் சில்லு தலையில் ஏறிவிட்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் கிடந்தார். அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு தரமாவது வலிப்பு. இனி வேலைக்கு ஆகாது என்று ஒரு காகிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை ஒரு தகரக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அது நிஜம், அதில் பொய் இல்லை. பட்டாளத்தில் வந்த நோய்க்குப் பட்டாளம்தான் பொறுப்பு. பென்ஷன் உண்டு. அதைவிடப் பெரிது, மலையிலேயே இருந்த பட்டாளத்து ஆஸ்பத்திரியில் படுக்கை உண்டு, தலை நோய் பார்க்கிற டாக்டர் உண்டு, வலிப்புக்கென்று என்னிடம் இருந்த புரோமைடு உப்பு மருந்தைவிட நல்ல மருந்து உண்டு. "நான் மனு எழுதுறேன், நீ சும்மா இரு" என்றேன். மூன்று பக்கம் எழுதினேன். படித்தால் கல்லும் கரையும். வாசித்துக் காட்டியபோது அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை நானு செஞ்சனுங்களா, பாய்?" என்றார்.

மனுவுக்குப் பதில் மூன்று மாதத்தில் வந்தது. விசாரிக்க ஆள் வருகிறார், பட்டாளத்தில் சேருவதற்கு முன் இவருக்கு இந்த நோய் இருந்ததா என்று பார்க்க வேண்டும், தோட்டத்து டிஸ்பென்சரியின் பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துவைக்கவும் என்று எழுதியிருந்தது.

அதுவரை சத்தியமாக ஞாபகம் வரவில்லை. அந்த வரியைப் படித்ததும் எல்லாம் வந்துவிட்டது.

சண்டைக்கு முந்தின காலத்தில் தோட்டத்தில் லீவு என்பது லேசில் கிடைக்காது. கொழுந்து கிளம்பும் மாதங்களில் செத்தாலும் லீவு இல்லை என்று கங்காணி சொல்வான். டிஸ்பென்சரி ரிஜிஸ்டரில் நோயாளி என்று ஏறினால் மட்டும்தான் கீழே இறங்க விடுவார்கள். அதனால் கல்யாணம், காரியம் என்று எது வந்தாலும் ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள். நானும் எழுதிக் கொடுப்பேன். அந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்துக் கம்பவுண்டர்தான் எழுதவில்லை? காய்ச்சல் என்று எழுதினால் இரண்டு நாள். அதற்கும் துரையே தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வந்து போர்வையை விலக்கிப் பார்த்துவிடுவார். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கத்தி பிடிக்கிற ஆளுக்கு வலிப்பு என்று எழுதிவிட்டால் துரை பதறிப்போய்விடுவார். சரிவில் கத்தியோடு விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது? ஒரு வாரம் கண்ணில் படாதே என்று அவரே விரட்டிவிடுவார். ஒரே வரியில் ஒரு வாரம் லீவு. இந்தச் சாமர்த்தியத்தைப் பஜாரில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவருடைய அப்பன் சத்தியமங்கலம் பக்கத்தில் செத்துப்போன சமாசாரம் வந்தபோது, கங்காணி இரண்டு நாள்கூடத் தர மறுத்துவிட்டான். அப்போது அவருக்குப் பட்டாளமும் இல்லை, தழும்பும் இல்லை, வரிசையில் எங்கேயாவது நடுவில் நிற்கிற ஓர் ஆள். என்னிடம் வந்து பொய் எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. "கருமாதிக்குப் போகோணுங்க, என்ன செய்யறதுன்னு தெரியல" என்றுதான் நின்றார். நானாகத்தான் ரிஜிஸ்டரைத் திறந்தேன். வலிப்பு என்று இங்கிலீஷில் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் வரி கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தது. துரை நம்ப வேண்டுமே என்று பக்கத்தில் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தேன். பழைய நோய்.

அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் ஏதோ ஒருநாள் மயக்கம் என்று சமாளித்திருக்கலாம். இருந்தது. முத்து முத்தாக இருந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன், பக்கங்களில் நம்பர் அச்சடித்திருந்தது. மை கொட்டிவிட்டதாகச் சொல்லலாமா என்று பார்த்தேன், அந்த ஒரு வரியில் மட்டும் கொட்டியது என்றால் யார் நம்புவார்கள்? மிச்சமிருந்தது ஒரே வழி. துரையிடம் போய், இது பொய், லீவுக்காக நான் எழுதியது என்று சொல்வது. சொன்னால் என் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். எந்தத் தோட்டத்திலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். மத்தியானம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனிடம் என் மனைவி என்னவென்று துருவிக் கேட்டாள். சொன்னேன்.

அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "போய்ச் சொல்லிடுங்க. மாமாவோட கடையில உக்காந்து துணி கிழிச்சா நமக்குக் கஞ்சி இல்லாமயா போயிடும்?" என்றாள். அத்தாவின் கடையைத்தான் சொன்னாள்.

"ரெண்டு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு நான்..." என்று இழுத்தேன்.

"எங்க மேல போடாதீங்க" என்றாள். "சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா எங்க மேல போடாதீங்க."

இதை மறைக்காமல் எழுதுகிறேன். குடும்பத்துக்காகச் செய்தேன் என்று பிற்காலத்தில் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாக்கு எனக்குக் கிடையாது. துணிக்கடையில் அத்தாவுக்குப் பக்கத்தில், தப்புச் செய்து விரட்டப்பட்டவனாக உட்கார முடியாது என்பதுதான் விஷயம். பஜார் முழுக்க என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிட்டது. அந்தப் பட்டத்துக்காகத்தான்.

விசாரிக்க வந்தவர் தமிழர், மீசை நரைத்த பழைய சுபேதார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆபீஸ் அறையில் துரை உட்கார்ந்திருந்தார், பெரிய ரைட்டர் ஒரு பக்கம், நான் ரிஜிஸ்டரோடு ஒரு பக்கம். மனுக்காரராகிய அவரைக் கதவருகே நிற்கவைத்திருந்தார்கள். சுபேதார் பக்கங்களைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாங்க."

"நோய் அப்பவே இருந்திருக்கு?"

இதோ, இந்த இடம்தான். இன்றைக்கும் நான் நின்றுகொண்டிருப்பது இந்த இடத்தில்தான். இல்லை என்று ஒரு வார்த்தை. துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரிஜிஸ்டர்ல இருக்குறதுதாங்க" என்றேன். அது பொய்கூட இல்லை என்று அப்போது என் புத்தி எனக்கு உடனே எடுத்துக் கொடுத்தது.

சுபேதார் அவர் பக்கம் திரும்பினார். "சேரும்போது வலிப்பு உண்டான்னு கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லியிருக்கே. மறைச்சுத்தானே சேந்தே? நெசத்தைச் சொல்லு. இந்த எழுத்து தப்புன்னா தப்புன்னு இப்பவே சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கருமாதி லீவு எப்படிக் கிடைத்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வலிப்பு என்று எழுதியிருக்கிறேன், வழியில் துரையைக் கண்டால் தலை சுற்றுவதுபோல் நட என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பியவன் நான்தான். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். டிஸ்பென்சரிக்குள் வந்ததும் திரும்பிக் கதவைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பின்னால் யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று.

"கம்பவுண்டர் பாய் எழுதியிருந்தா செரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

சுபேதார் பேனாவை மூடினார். அவ்வளவுதான் விசாரணை. பொய் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவன் என்று அவருடைய காகிதத்தில் ஏறிவிட்டது. பென்ஷனும் இல்லை, படுக்கையும் இல்லை.

திரும்பும்போது டிஸ்பென்சரிவரை எங்கள் இருவருக்கும் ஒரே பாதை. நான் முன்னால் போனேன், அவர் பின்னால் வந்தார். அவருடைய பூட்ஸ் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்து நினைத்து, டிஸ்பென்சரி படிவரை வந்துவிட்டேன். கடைசியில் அவர்தான் பேசினார்.

"உடுங்க பாய். உங்களுக்குப் பின்னால மூணு பேரு வர்றாங்களே."

என் வீட்டைச் சொன்னார். என் மனைவி எனக்குக் கொடுக்க மறுத்த சாக்கை அவர் எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். "பாத்துப் போப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சமாசாரம் லைன் வீடுகளுக்கு எட்ட எத்தனை நேரம் ஆகும்? நோயை மறைத்துப் பட்டாளத்தில் சேர்ந்தவனாம் என்று பேசிக்கொண்டார்கள். பழைய நோய் என்றால் ஒட்டுமோ என்று சில பேர் பிள்ளைகளை அவர் பக்கத்தில் விடவில்லை. கடைக்குட்டி என்ற கேலி நின்றுபோனது. சத்தம் போட்டுச் சிரித்தவர்கள் அவரைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். வேலையிலிருந்து மட்டும் அவரை எடுக்கவில்லை. மூடுபனியில் கடைசியாக நடந்து வர வேறு யார் இருக்கிறார்கள்?

நான் என்ன செய்தேன்? மீன் எண்ணெய் கொடுத்தேன். சிரிக்க வேண்டாம், அதுதான் செய்தேன். துரை வீட்டுக்கென்று வருவதில் ஒரு பாட்டிலை ஒதுக்கி, உடம்புக்குத் தெம்பு என்று அவர் கையில் வைத்தேன். மறுவாரம் பாட்டில் பாதியாகத் திரும்பி வந்தது. "நமக்கெதுக்குங்க? பக்கத்து ஊட்டுப் புள்ளை இளைச்சுப்போயிருந்துச்சு, அதுக்குக் கொஞ்சம் ஊத்துனேன். மிச்சத்தை வேற ஆருக்காச்சும் குடுங்க" என்றார். உப்பு மருந்தை மட்டும் வாங்கிக்கொள்வார். அது வலிப்பைக் குறைத்ததா என்றால், அவரைத் தூங்கவைத்தது. நடக்கும்போதே கண் செருகியது. வெள்ளிக்கிழமைகளில் குன்னூர்ப் பள்ளிவாசலுக்குப் போவேன். இன்றைக்குத் தொழுதுவிட்டு வந்து துரையிடம் சொல்லிவிடுவது என்று போகும்போது முடிவு செய்வேன். வரும்போது ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அதோடு முடிவும் போய்விடும். இப்படி எத்தனை வெள்ளிக்கிழமை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷத்து மழை ஆனியிலேயே பிடித்துக்கொண்டது. ஒருநாள் மூன்று மணிக்கெல்லாம் பனி மூடிவிட, மேல்காட்டுப் பெண்களைச் சீக்கிரம் இறக்கினார்கள். நிறுவை நடந்தது. கூடைகளைக் கவிழ்த்துவிட்டு ஒவ்வொருத்தியாக லைனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அங்கே காலில் அடிபட்ட ஒருவனுக்கு மருந்து போட வந்திருந்தேன். எல்லோரும் வந்தாயிற்று. எல்லோரையும் எண்ணுகிறவர் ஒருவர்தான், அவரை எண்ணுவதற்கு ஆள் இல்லை. முன்னொரு நாள் கம்பளியில் சுமந்து வந்தாரே, அந்தப் பெண்தான் போகாமல் நின்றாள்.

"கடைக்குட்டி வரலீங்களே, பாய்" என்றாள்.

"வருவான், பின்னாலதான் வருவான்" என்றார் பெரிய ரைட்டர்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம். பாதையோரம் மழைத்தண்ணீர் ஓடும் வடிகாலில் குப்புறக் கிடந்தார். ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. வலிப்பு வந்து விழுந்தவரைப் புரட்டிவிட ஒரு கை போதும். பின்னால் ஒருவர் வந்திருந்தால் போதும்.

கம்பளி அவர் மேல் அப்படியே இருந்தது. அதிலேயே தூளி கட்டி இறக்கினோம். முன்பக்கம் மூன்று பேர் பிடித்தார்கள், பின்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் பின்னால் நடந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்தார். வலிப்பில் தண்ணீரில் மூழ்கிச் சாவு, சந்தேகம் ஒன்றுமில்லை என்றார். சாவு ரிஜிஸ்டரை நான் எடுத்தேன். பெயர், வயது, வேலை எழுதினேன். சாவுக்குக் காரணம் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நோய் எத்தனை நாளாக என்று கட்டம் ஏதும் அதில் இல்லை. டாக்டர் கேட்கவில்லை. துரை அங்கே இல்லை. பெரிய ரைட்டர் வெளியே குழி வெட்ட ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். யாராவது என்றைக்காவது இந்த ரிஜிஸ்டரையும் அந்த ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒத்துப்போக வேண்டுமே என்று என் மனது கணக்குப் போட்டது. காரணத்துக்குப் பக்கத்தில் சேர்த்தேன். பழைய நோய், பட்டாளத்தில் சேருமுன்பே இருந்தது.

டாக்டர் கையெழுத்துப் போடக் குனிந்தவர், பக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

"உம்ம எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கு, பாய்" என்றார்.

"சந்தோஷங்க" என்றேன் நான்.